"நல்லாத்தான் இருக்கேன்" என்றால் போதுமா? முதியோர் இல்லத்தில் வாழ்க்கைத் தரத்தை எதைக் கொண்டு அளப்பது

ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். டவுனுக்கு வெளியே, பைபாஸைத் தாண்டி, வேப்பமரங்களுக்கு நடுவே இருக்கும் இல்லம். 45 பேர் தங்கியிருக்கிறார்கள். பாதிப் பேர் தாங்களே நடமாடுவார்கள், எட்டுப் பேர் படுக்கையோடு இருக்கிறார்கள், பத்துப் பன்னிரண்டு பேருக்கு மறதி நோய் முற்றியிருக்கிறது. போன வருடக் கூட்டத்தில் வயதான டிரஸ்டி ஒருவர் கேட்டார்: "பி.பி. பார்க்கிறோம், சுகர் பார்க்கிறோம், மாசா மாசம் எடை பார்க்கிறோம். இவங்க இங்க நல்லா வாழறாங்களான்னு எதை வச்சுப் பார்க்கிறோம்?"

யாரும் பேசவில்லை. அப்புறம் அந்த வேலை என்னிடம் வந்தது. இதற்கென்று உலகத்தில் என்னென்ன அளவுகோல்கள் இருக்கின்றன, எங்களுக்கு எது சரிப்படும் என்று எட்டு மாதம் படித்தேன். சிலவற்றை இல்லத்திலேயே போட்டுப் பார்த்தோம். இதே யோசனையில் இருக்கும் மற்ற இல்லங்களுக்கும், அம்மாவையோ அப்பாவையோ இல்லத்தில் சேர்த்துவிட்டு மனசு கேட்காமல் இருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு பக்கத்தில் கருத்துப் படிவம் ஒன்று இருந்தது. உணவு, படுக்கை, மருத்துவம், பணியாளர்கள் என்று நாலு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் நன்று, சுமார், மோசம் என்று மூன்று கட்டம். வார்டன் அம்மாவே கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டு டிக் அடிப்பார். பழைய படிவங்களை எல்லாம் எடுத்துப் புரட்டினேன். 'மோசம்' கட்டத்தில் ஒரு டிக்கூட இல்லை.

அந்தப் படிவத்தோடு நானே ஒரு பாட்டியிடம் உட்கார்ந்தேன். ஒரு காலத்தில் வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். சாப்பாடு எப்படி இருக்கிறது என்றேன். "அதுக்கென்ன, வேளாவேளைக்குப் போடறாங்க." பணியாளர்கள்? "தங்கமான பிள்ளைங்க." வேறு ஏதாவது குறை? "ஒரு குறையும் இல்ல சாமி. நல்லாத்தான் இருக்கேன்." நாலு தலைப்புக்கும் 'நன்று'. படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருந்தேன். கடை நடத்தியபோது எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று கேட்டேன். மூன்றரைக்கு என்றார். இப்போதும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம். "முழிச்சு என்ன பண்றது? ஆறரைக்குத்தான் காபி வரும். லைட்டப் போட்டா பக்கத்துக் கட்டில்காரம்மா சத்தம் போடும். இருட்டுலயே உக்காந்திருப்பேன்."

தினமும் மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். அதைக் குறித்துக்கொள்ள எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை.

இதில் இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. ஒன்று, கேட்பவர் யார் என்பது. சோறும் மருந்தும் டயபரும் யார் கையிலிருந்து வருகிறதோ அவரிடமே குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. பயம் மட்டும் காரணமில்லை; சோறு போட்ட இடத்தைக் குறை சொல்லக் கூடாது என்ற மரியாதையும் சேர்ந்தது. இன்னொன்று, கேட்டது என்ன என்பது. சேவை எப்படி என்று கேட்டோம், வாழ்க்கை எப்படி என்று கேட்கவில்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற அளவுகோல்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

சட்டத்தில் ஏதாவது கிடைக்குமா என்றும் பார்த்தேன். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம், ஆதரவற்ற முதியவர்கள் 150 பேராவது தங்கும்படி மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது வேண்டும் என்று பேசுகிறது. தர நிர்ணயத்தை மாநில அரசிடம் விட்டுவிடுகிறது. ஆய்வுக்கு வருபவர்கள் கட்டடம், கழிப்பறை, சமையலறை, பதிவேடு பார்க்கிறார்கள். அதெல்லாம் அவசியம்தான். மூன்றரை மணி இருட்டு அதில் எதிலும் தெரியாது.

டாக்டர் சொன்ன அளவுகோல்

எங்கள் இல்லத்துக்கு வாரம் ஒருமுறை வரும் டாக்டர் முதலில் சொன்னது ஈக்யூ-5டி. உலகம் முழுக்க மருத்துவ ஆய்வுகளில் புழங்குவது. நடமாட்டம், தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, அன்றாட வேலைகள், வலி, கவலை அல்லது மனச்சோர்வு என்று ஐந்தே கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை உள்ள வடிவத்தில் மொத்தம் 3,125 விதமான உடல்நிலைகளைக் குறிக்க முடியும். கடைசியில் 0 முதல் 100 வரை கோடு போட்ட ஓர் அளவு. இன்றைய உடல்நிலைக்கு எத்தனை என்று காட்டச் சொல்வார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து பதிலையும் ஒரே எண்ணாக மாற்ற, இந்திய மக்களிடமே கேட்டு உருவாக்கிய மதிப்பு அட்டவணையும் இருக்கிறது.

வேகமும் எளிமையும் எனக்கும் பிடித்திருந்தன. ஆனால் இல்லத்தில் போட்டுப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பக்கவாதம் வந்து வீல்சேரில் இருக்கும் ஒரு தாத்தா, காலையில் பேப்பர் வந்ததும் சுற்றி நாலு பேரை உட்காரவைத்துச் செய்தி வாசித்துக் காட்டுவார். அவருடைய பேச்சுக்காகவே அந்த வராந்தாவில் கூட்டம் சேரும். ஈக்யூ-5டியில் நடமாட்டத்துக்குக் கடைசி நிலை, குளிப்பதற்கும் உடுத்துவதற்கும் கடைசி நிலை. அட்டவணைப்படி கணக்குப் போட்டால் மிகக் கீழே போய் விழுகிறார். மிக மோசமான நிலைகள் சிலவற்றுக்கு அந்த அட்டவணையில் சுழியத்துக்குக் கீழான மதிப்பே உண்டு. செத்துப்போவதைவிட மோசம் என்று பொருள். நாங்கள் எவ்வளவு நன்றாகக் கவனித்தாலும் அவருடைய கால் திரும்பி வராது, அந்த எண்ணும் ஏறாது. அவருடைய காலை நேரப் பேப்பரை நாளைக்கே நிறுத்தினாலும் அந்த எண் பெரிதாக இறங்காது. எது மாறினால் நமக்குத் தெரிய வேண்டுமோ அது மாறும்போது அசையாத அளவுகோலை வைத்து நாங்கள் என்ன செய்வது? மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் அது நல்ல கருவி. இல்லத்துக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தர வினாத்தாள் அடுத்தது. இதன் மூல வடிவத்தை உருவாக்கிய 15 மையங்களில் சென்னையும் ஒன்று, அதனால் தமிழில் இதற்கு ஓர் அடித்தளம் உண்டு. சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள்: உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதி. நம்மூரில் முதியோர் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்கள் பலரும் கையில் எடுப்பது இதைத்தான். ஊரோடு, வீட்டோடு இருப்பவர்களுக்கு நல்ல வினாத்தாள். இல்லத்தில் இருக்கும் 80 வயதுக்காரரிடம் வேலை செய்யும் திறன் உங்களுக்குத் திருப்தியா, போக்குவரத்து வசதி திருப்தியா, தாம்பத்திய வாழ்க்கை திருப்தியா என்று வரிசையாகக் கேட்கும்போது கேட்பவரும் நெளிகிறார், பதில் சொல்பவரும் நெளிகிறார். அந்தக் கேள்விகளைக் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் 26 கேள்வியில் பாதி அவர்கள் இப்போது வாழும் வாழ்க்கையைத் தொடாமலே போகிறது. முதியவர்களுக்கென்று அவர்களே பின்னர் 24 கேள்விகள் உள்ள தனிப் பகுதியும் வெளியிட்டிருக்கிறார்கள். சாவைப் பற்றிய பயம், புலன்கள் மங்குவது எல்லாம் அதில் வரும். ஆழமானதுதான், ஆனால் மாதாமாதம் கேட்கக் கூடியதில்லை.

இல்லங்களுக்கென்றே பிறந்தவை

இங்கேதான் எனக்கு வெளிச்சம் கிடைத்தது. முதியோர் இல்லம் என்ற இடத்தை மனதில் வைத்தே செய்த அளவுகோல்கள் சில இருக்கின்றன.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ரோசலி கேன் என்பவர் செய்த வேலை முன்னோடி. இல்லவாசியின் வாழ்க்கைத் தரத்தை 11 கூறாகப் பிரித்தார்: உடல் சுகம், தன்னால் முடிந்ததைச் செய்வது, தன் முடிவைத் தானே எடுப்பது, கண்ணியம், அந்தரங்கம், தனக்கென்ற அடையாளம், பாதுகாப்பு, உறவுகள், அர்த்தமுள்ள வேலை, மகிழ்ச்சி, ஆன்மிக நிம்மதி. இந்தப் பட்டியலைப் படித்த அன்று எங்கள் பழைய படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் கூறு ஒன்றைத்தான் நாங்கள் இத்தனை வருடமும் கேட்டிருக்கிறோம். மின்னசோட்டா மாநிலத்தில் வெளியாட்கள் போய் இல்லவாசிகளை நேரில் பேட்டி எடுக்கிறார்கள். 2006-இலிருந்து இல்லங்களின் தர அட்டையை மக்கள் பார்க்கும்படி வெளியிடவும் செய்கிறார்கள்.

இன்டர்ராய் என்ற ஆய்வாளர் வலையமைப்பின் வினாத்தாள் இன்னொன்று. கனடா உட்படப் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. சுமார் 50 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'எப்போதும்' வரை ஐந்து பதில், 0 முதல் 4 வரை எண். நீளம்தான் குறை. ஆனால் வாக்கியங்களைப் பாருங்கள். எப்போது எழுந்திருப்பது என்பதை நானே முடிவு செய்கிறேன். வேண்டும்போது தனியாக இருக்க முடிகிறது. சாப்பாட்டு நேரம் எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே இருக்கும் ஒருவர் எனக்கு நெருங்கிய நண்பர். மற்றவர்கள் என்னிடம் உதவியோ யோசனையோ கேட்கிறார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் நின்றுவிட்டேன். நம் வீடுகளில் வயதானவர்களுக்கு மரியாதை என்பதே அதுதானே? "பாட்டி, ஊறுகாய்க்கு உப்பு போதுமா பாரு", "தாத்தா, இந்த நாள் நல்ல நாளா பாருங்க" என்று யாராவது வந்து கேட்பார்கள். இல்லத்துக்கு வந்த நாளிலிருந்து அவர்களிடம் எல்லாரும் கேட்பது "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" மட்டும்தான். சோதனையாக ஒன்பது பேரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்தோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஆறு பேர் "இல்லை" என்றார்கள். குறை என்று நினைத்து அவர்கள் அதைச் சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னார்கள், அவ்வளவுதான். நல்ல கேள்விக்கு அடையாளம் அதுதான் என்று நினைக்கிறேன். 'திருப்தியா' என்று கேட்டால் மரியாதைக்குப் பதில் வரும், 'நடக்கிறதா' என்று கேட்டால் உண்மை வரும்.

அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் இல்லங்கள் எல்லாவற்றிலும் கட்டாயமாக நிரப்ப வேண்டிய மினிமம் டேட்டா செட் என்ற பதிவு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. நீண்ட காலம் அதைப் பணியாளர்களே பார்த்து நிரப்பினார்கள். 2010 அக்டோபரில் வந்த மூன்றாம் பதிப்பில்தான் பல பகுதிகளில் இல்லவாசியிடமே நேராகக் கேட்க வேண்டும் என்று மாற்றினார்கள். உங்களுக்கு எது எவ்வளவு முக்கியம் என்று கேட்கும் பகுதி ஒன்று அதில் உண்டு: என்ன உடுத்துவது என்று தானே தேர்ந்தெடுப்பது, தூங்கும் நேரத்தைத் தானே முடிவு செய்வது, தனியாகப் போன் பேசுவது, தன் சாமானைப் பூட்டி வைக்க ஓர் இடம். இந்தப் பகுதி மதிப்பெண் போடுவதற்கானதில்லை, அதனால் எங்கள் தேவைக்கு நேராகப் பொருந்தவில்லை. ஆனால் பூட்டு விஷயத்தை அங்கிருந்துதான் பிடித்தேன். அப்போது எங்கள் இல்லத்தில் ஒருவருக்கும் பூட்டுள்ள அலமாரி கிடையாது. முடிச்சுப் போட்ட துணிப்பை தலையணைக்கு அடியில் இருக்கும். குளிக்கப் போகும்போதும் அதை எடுத்துக்கொண்டே போவார்கள். பார்த்துப் பார்த்து அது எங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போயிருந்தது.

இங்கிலாந்தில் கென்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஆஸ்காட் என்ற அளவுகோல் எட்டு கூறுகளை எடுத்துக்கொள்கிறது, உணவு, சுத்தம், பாதுகாப்பு, கண்ணியம் எல்லாம் அதில் வரும். இல்லங்களுக்கான வடிவத்தில் பேட்டியோடு நேரில் கவனிப்பதும் உண்டு. கவனித்துவிட்டுப் பயிற்சி பெற்ற ஒருவர் மதிப்பிட வேண்டும், அது எங்களால் ஆகாது. விட்டுவிட்டோம்.

கடைசியில் ஆஸ்திரேலியா. அங்கே முதியோர் பராமரிப்பு பற்றி 2018 முதல் 2021 வரை அரசு அமைத்த ராயல் கமிஷன் விசாரணை நடந்தது. அதில் வெளிவந்தவை நாட்டையே உலுக்கின. ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் முதியவர்களோடு உட்கார்ந்து பேசி உருவாக்கிய க்யூஓஎல்-ஏசிசி என்ற அளவுகோலை 2023 ஏப்ரல் 1 முதல் அரசு மானியம் பெறும் எல்லா இல்லங்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆறே கேள்வி: நடமாட்டம், வலி, மனநிலை, சுதந்திரம், உறவுகள், பொழுதுபோக்கு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 24. 22-உம் அதற்கு மேலும் மிக நன்று, 7-உம் அதற்குக் கீழும் மிக மோசம்.

ஈக்யூ-5டியிலும் இதிலும் நடமாட்டம் என்ற தலைப்பு ஒன்றுதான், கேள்வி வேறு. நடக்க முடிகிறதா என்று அது கேட்கிறது. வாக்கரோ வீல்சேரோ வைத்துக்கொண்டாவது வேண்டிய இடத்துக்குப் போய்வர முடிகிறதா என்று இது கேட்கிறது. வலி இருக்கிறதா என்று அது கேட்கிறது. வலி வந்தால் சரியாகக் கவனிக்கப்படுகிறதா என்று இது கேட்கிறது. பேப்பர் தாத்தா இதில் 24-க்கு 19 வாங்கினார். வராந்தாச் சரிவில் யாராவது தள்ளிவிட்டால்தான் ஏற முடிகிறது என்பதால் நடமாட்டத்தில் குறைந்தது. அது சிமென்ட் போட்டால் சரியாகிவிடும்.

இதற்கும் குறை உண்டு. 'பொதுவாக மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்ற வாக்கியத்துக்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் 4 கொடுத்துவிடுகிறார்கள். பழைய 'நல்லாத்தான் இருக்கேன்' மறுபடி வந்துவிடுகிறது. சாப்பாடு இதில் இல்லவே இல்லை. கண்ணியமும், தைரியமாகக் குறை சொல்ல முடிகிறதா என்பதும் இதன் ஜோடியாக வரும் இன்னொரு வினாத்தாளில்தான் இருக்கின்றன.

பதில் சொல்ல முடியாதவர்கள்

இதுவரை சொன்ன எல்லாமே வாய் திறந்து பேசுபவர்களுக்கு. மறதி நோய் முற்றியவர்களை என்ன செய்வது? சுலபமான வழி, மகனிடமோ மகளிடமோ ஆயாவிடமோ கேட்டு எழுதிக்கொள்வது. பல இடங்களில் அதுதான் நடக்கிறது. நானும் முதலில் அதில் தப்பில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் மறதி நோய் உள்ளவர் தன் வாழ்க்கைக்குக் கொடுக்கும் மதிப்பைவிட அவருக்காகப் பதில் சொல்லும் உறவினர்கள் குறைவாகவே கொடுக்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மகள் தன் துக்கத்தையும் சேர்த்தே மதிப்பெண் போடுகிறாள். அம்மா முன்னே எப்படி இருந்தார் என்பதை அவளால் மறக்க முடியாதே. ஆயாவுக்கு அன்றைக்கு வேலை எவ்வளவு இடித்தது என்பதும் பதிலில் வந்துவிடும்.

க்யூஓஎல்-ஏடி என்று 13 கேள்வி உள்ள ஒரு வினாத்தாள் 1999-இல் வந்தது. மறதி நோய் உள்ளவரிடமும் கேட்கிறது, பார்த்துக்கொள்பவரிடமும் கேட்கிறது. இரண்டையும் சேர்க்கும்போது நோயாளியின் பதிலுக்கு இரட்டிப்பு எடை. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: மறதி என்று பேர் வந்துவிட்டதாலேயே ஒருவரைத் தாண்டிப் போய் அடுத்தவரிடம் கேட்கக் கூடாது. நேற்று என்ன சாப்பிட்டார் என்று நினைவில்லாதவர்கூட இப்போது வலிக்கிறதா, இங்கே இருக்கப் பிடிக்கிறதா என்பதைச் சொல்லிவிடுவார். முதலில் அவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் வரவில்லை என்றால்தான் அடுத்த வழி.

அந்த அடுத்த வழிக்கு மூன்று இருந்தன. க்யூவாலிட் என்பது நோய் முற்றியவர்களுக்கானது, 11 கேள்வி. கடந்த ஏழு நாளில் சிரித்தாரா, அழுதாரா, முகத்தில் வலி தெரிந்ததா, ரசித்துச் சாப்பிட்டாரா, தொட்டால் பிடிக்கிறதா என்று அவரை அடிக்கடி பார்க்கும் பணியாளரிடம் கேட்பார்கள். மொத்தம் 11 முதல் 55 வரை, குறைந்தால் நல்லது. (மற்றதில் எல்லாம் கூடினால் நல்லது என்பதால் ஒரே ரிப்போர்ட்டில் போடும்போது குழப்பம் வரும், ஜாக்கிரதை.) நெதர்லாந்தின் க்வாலிடெம் இன்னும் விரிவானது, 37 கேள்விகள், நோய் மிக முற்றியவர்களுக்கு அதில் 18 போதும். நம் ஆயாக்களுக்கு 37 அதிகம்.

மூன்றாவது, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் டாம் கிட்வுட் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த டிமென்ஷியா கேர் மேப்பிங். இதில் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. கூடத்தில் ஓர் ஓரமாக மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். மனநிலைக்கு -5 முதல் +5 வரை எண். முறையான பயிற்சி இல்லாமல் செய்யக் கூடாது. இங்கிலாந்தில் 50 இல்லங்களில் நடந்த பெரிய ஆய்வில் இல்லப் பணியாளர்களே இதை நடத்தியபோது முதியவர்களின் பதற்றம் குறையவில்லை. பல இல்லங்களால் அதைத் திட்டப்படி செய்து முடிக்கவே முடியவில்லை. அதனால் முழு முறையையும் கொண்டுவரும் ஆசையை விட்டேன்.

ஆனால் ஓரமாக உட்காரும் பழக்கத்தை விட முடியவில்லை. ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மணி நேரம் நோட்டோடு உட்கார்ந்தேன். பேச்சு போய்விட்ட ஒரு பெரியவர், ஜன்னல் பக்கம் வீல்சேரில் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அட்டெண்டர் பையன் பின்னாலிருந்து வந்து, யாரிடமோ பேசிக்கொண்டே, பிரேக்கை எடுத்து வண்டியைத் தள்ளினான். பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், சாப்பாடு முடியும்வரை விடவில்லை. ஊட்டிய சோறு பாதி வெளியே வந்தது. அன்றைய பதிவேட்டில் 'சரியாகச் சாப்பிடவில்லை' என்று எழுதியிருந்தது. மறுநாள் வேறொரு பெண் முன்னால் வந்து, குனிந்து, தோளைத் தொட்டு, "அய்யா, சாப்பிடப் போலாமா?" என்றாள். அரை நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் தட்டைக் காலி செய்தார். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த வினாத்தாளும் இதைப் பிடித்திருக்காது.

நாங்கள் எடுத்த முடிவு

பேசுபவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் ஆறு கேள்வி, அனுமதி வாங்கி, வரிசை மாறாமல். அதன் பின்னால் தனித் தாளில் நாங்களே எழுதிய ஏழு கேள்வி: எழும் நேரம், தூங்கும் நேரம், சாப்பாடு, பூட்டு, தனியாகப் போன், நட்பு, யாராவது யோசனை கேட்கிறார்களா. இரண்டு தாளின் எண்ணையும் கூட்டிப் போடுவதில்லை. பேச முடியாதவர்களுக்கு க்யூவாலிட், அதோடு மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் வெளியாள் ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து எழுதும் குறிப்பு. இந்த எண்ணையும் பேசுபவர்களின் எண்ணோடு கலப்பதில்லை.

கேட்பது வார்டனோ டிரஸ்டியோ இல்லை. பக்கத்துக் கல்லூரியில் சமூகப்பணி படிக்கும் மாணவிகள் வருகிறார்கள். கட்டிலில் வைத்துக் கேட்பதில்லை, வேப்பமரத்தடிக்கோ மாடிப்படிக்கோ கூட்டிப் போய்விடுவார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் "இதை வார்டன் அம்மாகிட்ட சொல்லலாமா?" என்று கேட்ட பிறகுதான் பெயரோடு எங்களிடம் தருவார்கள். வேண்டாம் என்றால் பெயரில்லாமல் வரும். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று மற்ற இல்லங்களுக்குச் சொல்வேன். சுமாரான வினாத்தாளை வெளியாள் கேட்டால் ஓரளவு உண்மை வரும். மிகச் சிறந்த வினாத்தாளை வார்டன் கேட்டால் வராது.

ஐந்து பதில் விஷயத்தில் கொஞ்சம் திண்டாடினோம். 'பெரும்பாலும்', 'சில சமயம்', 'எப்போதாவது' என்று படித்துக் காட்டினால் "ஏதோ ஒண்ணு போட்டுக்கோம்மா" என்பார்கள். ஒரு மாணவி நாலு புளியங்கொட்டை எடுத்து வந்தாள். எப்போதும் என்றால் நாலையும் வைக்க வேண்டும், இல்லவே இல்லை என்றால் ஒன்றுகூட வைக்க வேண்டாம். பல்லாங்குழி ஆடிய கைகள், டக்கென்று பிடித்துக்கொண்டன. இப்படிச் செய்ததால் எங்கள் எண்ணை வேறு நாட்டு எண்ணோடு ஒப்பிட முடியாது. அது எங்களுக்கு வேண்டியதும் இல்லை.

சராசரி போடுவதும் இல்லை. 45 பேரில் இரண்டு பேர் தவறிப்போய் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தாலே சராசரி ஆடிவிடும். நாம் ஏதோ செய்து முன்னேறிவிட்டோம் என்று ஏமாந்துபோவோம். ஒருவருடைய தாளை அவருடைய போன தாளோடு மட்டும் வைத்துப் பார்க்கிறோம். நன்கொடையாளர்களுக்கு இந்த எண்களைக் காட்டுவதில்லை என்றும் தீர்மானம் போட்டிருக்கிறோம். ஒரு டிரஸ்டிக்கு இதில் வருத்தம். காட்ட ஆரம்பித்த மாதமே "பாட்டி, நாலு கொட்டையும் வையுங்க" என்று யாராவது சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவருக்கு விளக்கினோம்.

முதல் சுற்று முடிந்திருக்கிறது. பூட்டுள்ள சின்ன அலமாரிகளுக்கு ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது, பாதி வந்துவிட்டன. வராந்தாச் சரிவுக்குச் சிமென்ட் வேலை மழை நின்றதும் தொடங்கும். இட்லிக் கடைப் பாட்டியிடம் மாணவி கேட்டபோது எழும் நேரத்துக்கு நாலு கொட்டையும் வைத்தார், யாராவது யோசனை கேட்கிறார்களா என்பதற்கு ஒன்றும் வைக்கவில்லை. சமையல்காரம்மாவிடம் பேசினோம். இப்போது நாலரை மணிக்குச் சமையல்கட்டு லைட் எரிந்ததும் பாட்டி அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார், காபி அங்கேயே கிடைத்துவிடுகிறது. மாவு புளித்தது போதுமா என்று போன வாரம் அவரிடம்தான் கேட்டார்களாம். அடுத்த சுற்று தை மாதம்.